தெங்கும் திட்டமும்

வறிய நாடு வளம் பெறும் வழி யாது என்னும் வினா, இரண்டாம் உலகப் போரின் பின்னர்ப் பொருளியலறிஞரின் சிந்தையைப் பெரிதும் கவர்ந்தது. 1950களின் இறுதியில், பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் ஆட்சிக் காலத்தில், தேசியத் திட்டமிடற் சபையின் அழைப்பை ஏற்று ஜோன் றொபின்சன், நிக்கலஸ் கால்டோர், ஜோன் ஹிக்ஸ், குன்னார் மிர்டால், ஜே. கே. கால்பிரெய்த், போலந்து நாட்டு ஒஸ்கார் லாங்கே முதலியோர் இலங்கைக்கு ஆலோசனை நல்கினர். அவர்தம் கட்டுரைகள் 1959இற் கொழும்பில் ஒரே நூலாக வெளிவந்தன.

கொள்கையால் வேறுபட்ட இவ்வறிஞர் கண்ட நாட்டின் நிலை ஒன்றே. ஏற்றுமதி வருவாயிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்றினின்றே கிடைத்தது. 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம், மலேரியா ஒழிப்பும் துணைசெய்ய, 1947இல் 14 ஆகக் குறைந்தது. குடித்தொகை விரைந்து பெருகிற்று. ஈட்டிய அந்நியச் செலாவணியிற் கணிசமான பகுதி அரிசி முதலிய உணவுப் பொருள்களுக்கே சென்றது.

இந்நெருக்கடியைப் புத்தளக் கரையோரத்திற் கண்கூடாகக் காணலாம். புத்தளமும் சிலாபமும் இலங்கையின் தெங்கு முக்கோணத்தைச் சேர்ந்தவை. தேயிலையும் இறப்பரும் பெரும்பாலும் பிறநாட்டார் நுகர்வுக்கே செல்வன. தெங்கோ அவ்வாறன்று, ஏற்றுமதிப் பண்டமாகிய அதுவே வீட்டுக் கறிக்கும் இன்றியமையாதது. உண்போர் தொகை பெருகுமிடத்து, விளைவு பெருகாதாயின், கொப்பராவாகவும் எண்ணெயாகவும் கப்பலேறுவது குறையும். புதிய கன்றை நட்டாலோ, அது காய்ப்பதற்கு ஆறேழு ஆண்டுகள் செல்லும். இன்றைய நுகர்வுக்கும் நாளைய ஆக்கத்துக்கும் இடையிலான போட்டி இதுவேயாம்.

ஆயின், நுகர்வை யார் குறைப்பது? 1953இல் அரிசி மானியம் வெட்டப்பட்டபோது மூண்ட ஹர்த்தாலையடுத்துப் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். உடப்புக் கடற்கரையிற் கரைவலை இழுப்போர் பங்கீட்டரிசியை இழப்பதும், தென்னந்தோட்ட உரிமையாளர் ஆடம்பரத்தைத் துறப்பதும் ஒத்த தியாகங்கள் அல்ல. உடையோரின் செல்வத்தையும் செலவையுமே குறியாகக் கொண்டன கால்டோர் வற்புறுத்திய செல்வ வரியும் செலவு வரியும். அவை 1959இற் சட்டமாயின. எனினும் செலவு வரி நெடுங்காலம் நிலைக்கவில்லை. பத்தாண்டுத் திட்டமும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. செப்டெம்பர் மாதத்திற் பண்டாரநாயக்கா கொலையுண்டார்.

கன்று நடுவோர் காத்திருத்தல் வேண்டுமெனப் பொருளியல் கூறும். அக்காத்திருப்பின் சுமையை நீதியாகப் பகிர்தல் ஆட்சியின் கடனாகும். அக்கடனை மறந்த திட்டம், எத்துணைப் பேரறிஞர் வகுத்ததாயினும், ஏட்டளவிலேயே நின்றுவிடும்.