உலாவித் தேர்வும் தமிழ் வரிவடிவமும்

தமிழ் நூலைக் கணிப்பொறியிற் படிப்பார்க்கு எவ்வுலாவியைக் கொள்வது என்னும் வினா இன்று எளிதாகத் தோன்றுகின்றது. விரைவு கருதி ஒருவர் குரோமைக் கொள்வர்; தம் தனியுரிமை கருதிப் பிறிதொருவர் பயர்பாக்சைக் கொள்வர். ஆயின் 1997 முதல் 2008 வரையில் தமிழர் இவ்வினாவை விரைவு பற்றி எழுப்பினாரல்லர். எழுத்துத் தோன்றுமா, தோன்றாதா என்பதே அவர்தம் கவலையாக இருந்தது. அன்று செய்த தேர்வின் விளைவு இன்றும் ஆராய்ச்சியாளரைத் தொடர்கின்றது என்பதே இக்கட்டுரையிற் காட்டப் புகுவது.

இதற்கு ஒசூர், கிருஷ்ணகிரிப் பகுதியை உரைகல்லாகக் கொள்கின்றோம். சேலம் மாவட்டத்தினின்று 1965இல் தருமபுரியும், தருமபுரியினின்று 2004இல் கிருஷ்ணகிரியும் பிரிந்தன. ஒசூரில் சிப்காட் தொழிற்பேட்டையைக் கடந்தால் சூசூவாடி. அதற்கப்பால் அத்திப்பள்ளி, கன்னட நாடு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்கும் இந்நிலப்பகுதியில் கல்வெட்டுகளும் ஒரே மொழியின அல்ல. இங்குள்ள நடுகற்களை ஆராயும் மாணவன் மும்மொழிச் செய்திகளையும் ஒரே திரையில் வைத்து ஒப்பிட வேண்டியவன். சென்னையிலிருந்து தமிழ் மட்டும் படிப்பார்க்குத் தென்படாத குறை இவனுக்கே முதற்கண் தென்படும்.

அக்குறை யாது? பழைய எழுத்துருக்கள் யாவும் 256 இடங்களுக்குள் அமைந்தவை. அவற்றுள் முற்பாதி ஆங்கிலத்திற்கு உரியது. எஞ்சிய 128 இடங்களிலேயே தமிழ் வரிவடிவங்களை அடுக்கினர். திஸ்கி ஒரு வகையாக அடுக்கிற்று. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் மாநாட்டின் வழித் தமிழக அரசு ஏற்ற தாப் வேறொரு வகையாக அடுக்கிற்று. பாமினியோ ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை ஏற்றிற்று. கன்னட எழுத்துருக்களும் அதே எண்களையே கையாண்டன. ஆகவே எழுத்துருவின் பெயரை இழந்த ஒரு பக்கம் தமிழா கன்னடமா என்று கணிப்பொறிக்குத் தெரிய வழியில்லை. எழுத்து என்பது எண்ணில் இல்லை. எழுத்துருவின் உடையில் மட்டும் இருந்தது.

1991இல் வெளிவந்த ஒருங்குறி தமிழுக்கும் தெலுங்கிற்கும் கன்னடத்திற்கும் தனித்தனியே 128 இடங்களை ஒதுக்கி இம்மயக்கத்தை நீக்கிற்று. ஆயினும் அஃது உலாவியின்மேற் புதியதொரு சுமையை ஏற்றிற்று. தமிழாசிரியர் ஊன்றி நோக்கத்தக்க இடம் இது. உயிர்மெய்யில் மெய்யின் ஒலி முன்னும் உயிரின் ஒலி பின்னுமாக வரும் என்பது தொல்காப்பிய நூன்மரபு கூறும் முறை. எழுதும் கையோ 'கொ' என்பதற்கு முதலிற் கொம்பையும், பின்னர்க் ககரத்தையும், இறுதியிற் காலையும் இடுகின்றது. திஸ்கியும் தாபும் கையின் முறையைப் பின்பற்றி மூன்று குறிகளாகப் பதிந்தன. ஒருங்குறி ஒலியின் முறையைப் பின்பற்றிக் ககரத்தை முன்னும் ஒகரக் குறியைப் பின்னும் பதிகின்றது. இலக்கணத்தோடு இயைந்தது ஒருங்குறியே என்பது எம் கருத்து. ஆனால் ஒலிமுறையில் உள்ளதை வரிமுறையாக மாற்றித் திரையிற் காட்டும் வேலை உலாவியையும் இயங்குதளத்தையும் சார்ந்தது. அவ்வேலை அறியாத உலாவியில் கொம்பு இடம்மாறி நின்றது. துணைக்கால் புள்ளிவட்டத்தோடு தனித்து நின்றது. விண்டோசு 2000, லதா எழுத்துருவோடு இத்திறனைத் தந்தது. விண்டோசு எக்ஸ்பியில் இருந்தும், பயன்படுத்துவோர் அதனைத் தாமே இயக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இச்சுமையைத் தவிர்க்க நாளிதழ்த் தளங்கள் பல குறுக்குவழி ஒன்றைக் கண்டன. பக்கத்தோடு எழுத்துருவும் தானே இறங்கிவரும் இயங்கு எழுத்துரு என்பதே அது. நெட்ஸ்கேப்பின் நான்காம் பதிப்பும், இண்டர்நெட் எக்ஸ்புளோரரின் நான்காம் பதிப்பும் 1997இல் இதற்கு இடந்தந்தன. எனினும் முன்னதற்கு ஒரு கோப்பு, பின்னதற்கு வேறொரு கோப்பு. 2000இல் வந்த நெட்ஸ்கேப்பின் ஆறாம் பதிப்பு தன் முறையைக் கைவிட்டது. எஞ்சியது எக்ஸ்புளோரர் ஒன்றே. உலகில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் அதனையே கையாண்ட அக்காலத்தில் எவரும் இதனைக் குறையாகக் கொள்ளவில்லை.

2004இல் பயர்பாக்ஸ் வந்தது. அதில் அத்தளங்கள் பொருளற்ற குறிகளாகத் தோன்றின. பத்மா என்னும் துணைநிரல் பழைய எழுத்துருப் பக்கங்களை ஒருங்குறியாக மாற்றிக்காட்டி ஒருவாறு உதவிற்று. பயர்பாக்ஸிடமும் குறை இல்லாமல் இல்லை. இருபுறமும் ஓரம் ஒத்தமைத்த பத்தியில் அதன் முற்பதிப்புகள் தமிழ் எழுத்துகளைச் சிதைத்தே காட்டின. 2008 சூனில் மூன்றாம் பதிப்பு வந்த பின்னரே அது நீங்கிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் குரோம் வெளிப்பட்டது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

விளைவு என்ன? 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைத் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டது. அந்நூல்களை இன்று எவ்வுலாவியிலும் படிக்கலாம், தேடலாம், மேற்கோளாகக் காட்டலாம். ஒரே உலாவியை நம்பி இயங்கு எழுத்துருவில் எழுதப்பட்டு, மாற்றப்படாது விடப்பட்ட பக்கங்களோ எக்ஸ்புளோரருக்கு 2022 சூன் 15இல் ஆதரவு முடிந்ததோடு ஏறத்தாழ வாயடைத்துப்போயின. எட்ஜில் அதனைப் போல் இயங்கும் முறை ஒன்று வைக்கப்பட்டுள்ளது உண்மையே. அதனை அறிந்து இயக்குவார் சிலரே. கறையான் அரித்த ஏட்டைப் பற்றிப் பேசும் நாம், ஏடு முழுதாக இருந்தும் எழுத்து மறைந்த இந்நிலையை இன்னும் கணக்கிலெடுக்கவில்லை.

இனி இன்றைய தேர்வு. குரோமும் பயர்பாக்சும் விண்டோசிலும் ஆண்ட்ராய்டிலும் ஹார்ப்பஸ் என்னும் ஒரே நிரலைக் கொண்டே எழுத்துகளைக் கோக்கின்றன. மும்மொழிப் பக்கத்தை இரண்டும் பழுதின்றிக் காட்டுகின்றன. எழுத்தைப் பொறுத்தவரை வேற்றுமை இல்லை. ஆயின் 2020 முதல் எட்ஜும் குரோமியம் என்னும் உட்பொறிக்கு மாறிவிட்டது. ஓபராவும் பிரேவும் அதன்மேல் இயங்குவனவே. பெயர் பலவாயினும் பொறி ஒன்று. எக்ஸ்புளோரர் காலத்து ஒருமைக்கு இது நெருங்கிய நிலை என்பதால், ஆராய்ச்சி மாணவர் பயர்பாக்சை முதன்மையாகவும் குரோமைத் துணையாகவும் கொள்ளுதல் நன்று என்பது எம் துணிபு. தாம் வெளியிடும் பக்கத்தை இரண்டிலும் திறந்து பார்த்த பின்னரே வெளியிடவேண்டும்.

கல்வெட்டுப் பாடம் தருவார்க்கு மேலும் ஒன்று. முந்திரி, காணி, மா முதலிய பின்னக் குறிகள் 2019இல் ஒருங்குறியின் தமிழ் இணைப்புப் பகுதியில் இடம்பெற்றன. இவை கட்டமாகத் தோன்றினால் உலாவியை மாற்றிப் பயனில்லை. அக்குறிகளைக் கொண்ட எழுத்துருவைக் கணிப்பொறியில் நிறுவவேண்டும். நோட்டோ வரிசையில் அதற்கெனத் தனி எழுத்துரு விலையின்றிக் கிடைக்கின்றது.