மனச்சிதைவு நோயை அறுதியிடல்

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) பெரும்பாலும் இளம் வயதுவந்தோரிடம் தலைகாட்டும் கடுமையான மனநோய். இல்லாத குரல்கள் கேட்பதும், யார் சொல்லியும் அசையாத பொய் நம்பிக்கையும், கோவையற்ற பேச்சும் இதன் முதன்மைக் குறிகள். இதை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை. நோயாளியிடம் பேசி, கூட வந்த உறவினரிடம் விசாரித்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.

ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பெலின் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை எழுதி, ஆண்டுக்கணக்கில் அவர்களைக் கவனித்துவந்தார். நோய் எங்கே போய் முடிகிறது என்பதே அவருக்குப் பெரிதாகப் பட்டது. தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில் (1899), வந்து வந்து தணியும் பித்து–சோர்வு நோயையும், அறிவை மெல்லக் குலைக்கும் ‘டிமென்ஷியா பிரீகாக்ஸ்’ நோயையும் தனித்தனியே பிரித்தார். எல்லாருக்கும் இது இளமையில் வருவதில்லை, எல்லாரும் குலைந்துபோவதுமில்லை என்று கண்ட சூரிச் மருத்துவர் ஆய்கன் பிளாய்லர், 1908இல் ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை முன்வைத்தார். எண்ணத்துக்கும் உணர்ச்சிக்கும் இடையிலான பிணைப்பு அறுவதையே அவர் குறித்தார். சினிமா காட்டும் இரட்டை ஆளுமை முற்றிலும் வேறு.

பெயர் நிலைத்தது, பொருள் நிலைக்கவில்லை. அமெரிக்க மருத்துவமனைகளில் மனச்சிதைவு நோயாளிகள் பிரிட்டனைவிட மிக அதிகமாக இருந்தது 1960களில் ஆராய்ச்சியாளர்களை உறுத்தியது. நியூயார்க்கின் புரூக்ளின், இங்கிலாந்தின் நெதர்ன் ஆகிய இரு மருத்துவமனைகளிலும் தலா 250 நோயாளிகளை ஒரே குழு, ஒரே கேள்வி முறையில் பரிசோதித்தது. வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்துபோனது. நோயாளிகள் வேறுபடவில்லை, மருத்துவர்களின் காதுதான் வேறுபட்டிருந்தது. மற்றோர் ஆய்வில், ஒரே நோயாளியை அமெரிக்க மருத்துவர்களில் 69 விழுக்காட்டினர் மனச்சிதைவு என்றனர்; பிரிட்டன் மருத்துவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 2 விழுக்காட்டினரே. இது வெறும் பெயர்த் தகராறு அன்று. பித்து–சோர்வு நோய்க்கு லித்தியம் பலன் தருவதை 1949இலேயே ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் கண்டிருந்தார். பெயர் தவறினால் மருந்தும் தவறும்.

இந்த அதிர்ச்சிக்குப் பின்தான் அளவுகோல்கள் வரையறுக்கப்பட்டன. ராபர்ட் ஸ்பிட்சர் தலைமையில் 1980இல் வந்த அமெரிக்க மனநோய் அறுதியிடல் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, குறிகள் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும் என்றது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ஒரு மாதமே கேட்கிறது.

மற்ற காரணங்களை விலக்குவதும் அறுதியிடலின் பகுதியே. போதைப்பொருள், வலிப்பு, தைராய்டு கோளாறு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். மூளையைத் தாக்கும் ஒருவகை எதிர்ப்பாற்றல் அழற்சி இதே குறிகளோடு வரும் என்பது 2007இல்தான் தெளிவானது. அதற்குச் சிகிச்சை வேறு. கோயில் கொடையில் சாமி வந்து ஆடுபவரின் அருள்வாக்கும் நோய்க்குறி அன்று. ஊர் ஏற்ற வழக்கத்தைப் பிரித்தறிய மருத்துவர் ஊரை அறிந்திருக்க வேண்டும்.

பட்டம் ஆயுதமானதும் உண்டு. சோவியத் ஒன்றியத்தில் அரசை எதிர்த்தவர்கள் ‘மந்தகதி மனச்சிதைவு’ என்று சொல்லி மனநல மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டனர். உலக மனநல மருத்துவர் கழகத்தில் கண்டனம் வலுத்ததும், 1983இல் அந்நாட்டு அமைப்பு வெளியேறியது. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, ஒருவருடைய அரசியல் நிலையையோ, சமூகத்தின் ஒழுக்க மதிப்பீடுகளுக்கு அவர் இணங்காததையோ வைத்து மனநோயை அறுதியிடக் கூடாது என்கிறது.