தறியிலிருந்து பட்டம் வரை: அஞ்சல்வழிக் கல்வியின் வரலாறு



காஞ்சிபுரத்தில் கல்வியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் கடிகையிலிருந்தே தொடங்குவார்கள். கடம்ப மயூரசர்மன் இங்கே படிக்க வந்ததைத் தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கடிகையில் வேதம் படித்தவர்கள் யார், அதன் வாசலுக்கே வர முடியாதவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே நான் தறியிலிருந்து தொடங்குகிறேன்.

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டும் பிரியாமல் கோத்துக்கொள்ள மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளர் ஒருவரால் அது ஆகாது, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் சிறுவனோ சிறுமியோதான். குடும்பம் வாங்கிய முன்பணத்துக்காகப் பட்டுத் தொழிலில் சிக்கிய குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் அறிக்கை வெளியிட்டது. காஞ்சிபுரமும் அதில் இருக்கிறது, தலித் குழந்தைகளும் இருக்கிறார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்து அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எட்டு வயதில் பள்ளியை விட்ட குழந்தை இருபது வயதில் படிக்க நினைத்தால் எங்கே போவது? அண்ணா இந்த ஊரில் படிப்பை நிறுத்தி நகராட்சியில் எழுத்தராக இருந்துவிட்டு மறுபடி படிக்கப் போனார். தறிக்குழியிலிருந்து அப்படித் திரும்ப வழியிருக்கவில்லை.

அந்த வழியாக வந்தது அஞ்சல்வழிக் கல்வி. நம் வழக்கில் ‘கரஸ்’. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. தமிழகத்தில் மதுரை முதலில், 1979இல் அண்ணாமலை, 1981இல் சென்னை. நம்மை மனத்தில் வைத்து அரசு இதைத் தொடங்கியது என்று நான் நம்பவில்லை. கல்லூரிகளில் இடம் போதவில்லை, அஞ்சலில் பாடம் அனுப்பினால் செலவு குறைவு, அவ்வளவுதான். வேலைக்குப் போகும் ஏழை மாணவருக்காகவே யோசித்தவர் அம்பேத்கர். 1946இல் அவர் பம்பாயில் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரி அதற்காகவே காலை வகுப்புகளை நடத்தியது. 1982இல் ஆந்திரத்தில் உருவான இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பின்னர் அவர் பெயரைப் பெற்றது பொருத்தம்தான்.

யார் தொடங்கினால் என்ன, நம் மக்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அச்சிட்ட பாடம் தபாலில் வரும், ஞாயிற்றுக்கிழமை தொடர்பு வகுப்பு, ஆண்டுக்கு ஒரு தேர்வு. கூலி போகாமல் படிக்கலாம். இன்னொரு கதவும் திறந்தது. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரும் 21 வயது நிறைந்து நுழைவுத் தேர்வில் தேறினால் இளங்கலை சேரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு விதிகளே அனுமதித்தன.

2009இல் இடி விழுந்தது. இளங்கலை இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் ஒரு முதல்வர் பதவிக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் நியாயம் இருக்கிறது, நேரடி எம்.ஏ.வுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த தமிழக அரசாணை 107 இன்னும் ஒரு படி போனது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் அரசு வேலை. மானியக் குழு அனுமதித்த வழியில் நுழைவுத் தேர்வெழுதி, மூன்றாண்டு படித்து இளங்கலை முடித்தவரும் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. அவருடைய பட்டத்தில் குறை எதுவும் சொல்லப்படவில்லை. பத்து வயதில் அவர் பள்ளியில் இல்லை என்பதே குற்றம்.

பல்கலைக்கழகங்களையும் விட்டுவிட முடியாது. அஞ்சல்வழி மாணவரின் கட்டணத்தில் மற்ற செலவுகளைச் சமாளித்த அளவுக்கு அவர்களுக்கான பாடநூலில் அக்கறை காட்டவில்லை. அண்ணாமலையின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என்று மானியக் குழு 2022இல் அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பணம் கட்டியவர்கள் யார் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. நம் தெருக்களில் பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் 2009க்கு முன்பே பட்டம் முடித்தவர்களைத் தேடுங்கள். எந்த ஆண்டு சேர்ந்தார்கள், நுழைவுத் தேர்வு எழுதினார்களா, எந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று எழுதி வாங்குங்கள். சிறுவயதில் தறியில் உட்கார்ந்திருந்தார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அரசாணையைத் திருத்தச் சொல்லி மனு எழுதும்போது அந்தத் தாள்கள் கையில் இருக்க வேண்டும்.