கார் சப்வூஃபர் மாற்றம்: காவிரி டெல்டா

கம்பெனியிலிருந்தே காரோடு வரும் சப்வூஃபரைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவதும், அது இல்லாத காரில் புதிதாகச் சேர்ப்பதும் கார் சப்வூஃபர் மாற்றம் எனப்படும். ஏறத்தாழ 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையுள்ள மிகத் தாழ்ந்த ஒலியை எழுப்புவதற்கென்றே அமைந்த ஒலிபெருக்கி இது. கடைகளில் 'ஊஃபர்' அல்லது 'சப்' என்பார்கள். அது தரும் ஒலிக்கு 'பேஸ்' என்று பெயர். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரத்தில் இந்த வேலை செய்பவர் எண்ணிப் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று, தவிலோசையில் பழகிய இந்த மண்ணின் காது. மற்றொன்று, ஈரமும் நெல் தூசியும் எலியும் நிறைந்த வயல்வெளி.

பின்னணி

அம்பாசடர், பத்மினி கார்களின் காலத்தில் பெரும்பாலும் காரோடு பாட்டுப்பெட்டி வராது. வாங்கியவரே வெளியில் கேசட் பிளேயர் பொருத்திக்கொள்வார். காரின் உள்ளளவுக்கு ஏற்ப ஒலியமைப்பையே வடிவமைத்துத் தரும் வழக்கத்தை அமெரிக்காவில் போஸ் நிறுவனம் 1983 மாடல் காடிலாக் செவில் போன்ற கார்கள் வழியாகப் பரப்பியது. இந்தியாவில் 2019 ஜனவரியில் வந்த டாடா ஹாரியரின் உயர் வகையில் ஜேபிஎல் ஸ்பீக்கர்கள் 9. அவற்றில் ஒன்று சப்வூஃபர். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவின் 2020 தலைமுறையில் போஸ் அமைப்பும் சப்வூஃபரோடு வந்தது. விலை குறைந்த வகைகளை வாங்குவோர் இன்றும் வெளிக்கடைகளையே நாடுகிறார்கள். கார் உதிரிப்பொருள், அலங்காரப் பொருள்களுக்குப் பேர்போன இடம் சென்னையின் ஜி.பி. ரோடு.

இயங்கும் முறை

40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை எட்டரை மீட்டர் நீளம். அதை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒலிபெருக்கியின் கூம்பு 2 மில்லிமீட்டர் அசைந்து தரும் சத்தத்தை, திறந்த வெளியில் 40 ஹெர்ட்ஸில் தர 8 மில்லிமீட்டர் அசைய வேண்டும். காருக்குள் கதவும் கண்ணாடியும் மூடியிருப்பதால் தாழ்ந்த ஒலிக்குத் தானாகவே கொஞ்சம் வலு கூடும். வீட்டுக்குப் போதாத 8 அங்குல சப் காருக்குள் போதுமானதாகிவிடுவது இதனால்தான்.

கம்பெனி சப்வூஃபர் இடத்தையும் எடையையும் செலவையும் மிச்சம் பிடித்துச் செய்யப்பட்டது. சின்னக் கூம்பு, மெல்லிய பிளாஸ்டிக் பெட்டி, அளவான ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). பல கார்களில் வால்யூம் ஏற ஏற பேஸைத் தானே குறைத்துக்கொள்ளும்படி ஸ்டீரியோவுக்குள் கட்டளையும் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் சப்பை மட்டும் மாற்றினால் பலன் பாதிதான்.

முதல் சோதனை

மாற்றுவதற்கு முன், இருப்பது உண்மையிலேயே கெட்டதா என்று பார்த்தாக வேண்டும். இணைப்பைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துச் சப்பின் இரு முனைகளிலும் தொட்டால், 4 ஓம் சப் சுமார் மூன்று, மூன்றரை ஓம் காட்டும். அளவே வராவிட்டால் உள்ளிருக்கும் காயில் (கம்பிச்சுருள்) அறுந்திருக்கிறது. அளவு சரியாக இருந்தால் கூம்பின் இருபுறமும் விரல்களை வைத்து மெதுவாக அழுத்திவிட வேண்டும். சத்தமின்றிப் போய் வந்தால் நல்லது. கரகரவென்று உரசினால் காயில் வெந்து உப்பியிருக்கலாம், அல்லது காந்த இடுக்கில் தூசி புகுந்திருக்கலாம். சப் நன்றாக இருந்தும் ஒலி வரவில்லையென்றால் கோளாறு ஆம்பிலோ பியூஸிலோ வயரை இணைக்கும் கப்ளரிலோ இருக்கும்.

கம்பெனி சப்கள் சில 2 ஓம், அதற்கும் கீழே. அந்த ஆம்பில் 4 ஓம் சப்பை மாட்டினால் சத்தம் குறையும். 4 ஓமுக்கென்று செய்த ஆம்பில் 2 ஓம் சப்பை மாட்டினால் ஆம்ப் சூடேறிக் கெட்டுப்போகும்.

மாற்று வழிகள்

எளிதானது, அதே அளவும் அதே ஓமும் உள்ள நல்ல சப்பைப் பழைய இடத்திலேயே பூட்டுவது. அடுத்தது, ஆம்ப் உள்ளேயே அமைந்த தட்டையான அண்டர்சீட் சப். பூட் இடம் போகாது. ஆனால் மிகத் தாழ்ந்த ஒலி குறைவாகவே வரும். உருளை வடிவ பேஸ் டியூப் சத்தமாக ஒலிக்கும். அதன் ஒலி நின்று அடங்கச் சற்று நேரமெடுக்கும். இன்னொரு வழி, தனி ஆம்போடு 10 அல்லது 12 அங்குல சப்பைப் பெட்டியில் அமைப்பது. கம்பெனி ஸ்டீரியோவை அப்படியே வைத்துக்கொள்ள விரும்புவோர், ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னல் எடுக்கும் கன்வெர்ட்டரையோ, ஒலியை மின்னணு முறையில் சரிசெய்யும் டிஎஸ்பியையோ இடையில் சேர்ப்பார்கள். வயரை வெட்டாமல் கப்ளருக்குக் கப்ளர் சேர்த்தால் வாரண்டி வில்லங்கம் குறையும்.

பெட்டி

பேஸின் குணத்தைச் சப்பைவிடப் பெட்டி அதிகம் தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1961-இல் நெவில் தீலும் 1970-களில் ரிச்சர்ட் ஸ்மாலும் வகுத்த கணக்கைக் கொண்டுதான் இன்றும் எந்தச் சப்புக்கு எத்தனை லிட்டர் பெட்டி என்று முடிவாகிறது. மூடிய பெட்டி இடம் குறைவாக எடுக்கும். அடி விழுந்ததும் ஒலி சட்டென்று நிற்கும். போர்ட் என்னும் காற்றுத்துளை வைத்த பெட்டி அதே வாட்ஸில் கூடுதல் சத்தம் தரும். அளவு தவறினால் ஒலி இழுபடும்.

10 அங்குல சப்புக்கு மூடிய பெட்டி 20 லிட்டர் அளவில் இருந்தால் பெரும்பாலும் பொருந்தும். உள்ளளவு 32, 32, 20 சென்டிமீட்டர் என்று வைத்தால் அந்தக் கொள்ளளவு வந்துவிடும். 18 மில்லிமீட்டர் பலகையில் உள்ளூர்த் தச்சரே செய்துவிடலாம். மூலைகளில் பசையும் சிலிக்கானும் இட்டுக் காற்று கசியாமல் அடைப்பதுதான் முக்கியம்.

மின்சாரம்

300 வாட்ஸ் ஆம்ப் முழு வேகத்தில் ஓடும்போது பேட்டரியிலிருந்து 28 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். செம்புக் கம்பியே போட வேண்டும். செம்புமுலாம் பூசிய அலுமினியக் கம்பி விலை மலிவு. அதே தடிமனில் அதிகம் சூடேறும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் பியூஸ் இருப்பது கட்டாயம். கம்பி எங்காவது உரசி பாடியில் பட்டால் காரைத் தீயிலிருந்து காப்பது அந்தப் பியூஸ் ஒன்றுதான். எர்த் எடுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் பூட்ட வேண்டும்.

டெல்டாச் சூழல்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காகிதக் கூம்பு ஈரம் குடிக்கும், எம்டிஎஃப் பலகை உப்பும். பாலிபுரோப்பிலீன் கூம்பும் மரைன் பிளைவுட்டும் இங்கே தாங்கும். ஸ்டெப்னிக் குழியில் சப் வைத்தவர்கள் பூட் ரப்பரைச் சோதித்துக்கொள்வது நல்லது. தண்ணீர் முதலில் தேங்குவது அங்கேதான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றுக்கு வெள்ளீயம் பூசிய கம்பியே ஏற்றது.

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து, தார்ச்சாலையில் நெல் காயும் நாள்களில் தூசி எங்கும் நுழையும். தஞ்சாவூர் விவசாயிகள் மூங்கில் கிட்டி வைத்துப் பிடிக்கும் வயல் எலி, அறுவடைக்குப் பின் வீட்டுப் பக்கம் ஒதுங்கி, நிறுத்தியிருக்கும் காரின் வயரையும் கடிக்கும். புதிதாக இழுக்கும் பவர் கம்பியைத் திறந்தபடி விடாமல் கெட்டியான குழாய்க்குள் கொண்டுபோவது அதற்காகவே.

ஒலி சரிசெய்தல்

அரித்துவாரமங்கலம் ஏ.கே. பழனிவேலின் தவிலைத் திருவிழாவில் நேரில் கேட்டவருக்கு நல்ல பேஸ் எப்படியிருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தவிலின் ஒரு முகமான வலந்தலையில் விரல்கூடுகளின் கூர்மையான சொல், மறுமுகமான தொப்பியில் கழி விழும் கனமான அடி. இரண்டும் ஒரே கருவியிலிருந்து ஒரே நொடியில் வருகின்றன. காரில் அந்த ஒலி கதவு ஸ்பீக்கருக்கும் சப்புக்குமாகப் பிரிந்து போகிறது. பூட்டிலிருக்கும் சப்பின் ஒலி, கதவு ஸ்பீக்கரைவிட 2 மீட்டர் கூடுதலாகக் கடந்து வந்தால் 6 மில்லிநொடி பிந்திச் சேரும். டிஎஸ்பி உள்ள அமைப்பில் முன் ஸ்பீக்கர்களை அந்த அளவு தாமதப்படுத்திச் சரிக்கட்டலாம். பிரிக்கும் எல்லையை 80 ஹெர்ட்ஸில் தொடங்கி மேலும் கீழும் நகர்த்திப் பார்க்க வேண்டும். குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினும் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலும் சேர்ந்த பதிவு இதற்கு நல்ல உரைகல். தொப்பியடி பின்சீட்டிலிருந்து தனியாகக் கேட்டால் அமைப்பு இன்னும் சேரவில்லை. முன்னாலிருந்து வலந்தலையோடு ஒட்டிக் கேட்டால் சேர்ந்துவிட்டது.

சத்த வரம்பு

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல். தாழ்ந்த ஒலி கண்ணாடியையும் சுவரையும் எளிதில் கடப்பதால், பிற ஸ்பீக்கர்களைவிடச் சப்தான் அக்கம்பக்கத்துக்கு அதிகம் கேட்கும். காருக்குள் இருப்போர் காதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபெல் என்றால் 4 மணி நேரம். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு 90 டெசிபெலில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போனால், அந்த வாரத்து அளவு வழியிலேயே தீர்ந்துவிடும்.