கால்டர் அறிக்கையும் பாதியில் நின்ற வரிச் சீர்திருத்தமும்

1973-74 நிதியாண்டில் இந்தியாவில் தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம், மேல்வரியையும் சேர்த்து, 97.75 விழுக்காடு. 2 இலட்சம் ரூபாய்க்கு மேல் ஈட்டிய ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஈட்டியவருக்கு எஞ்சியது இரண்டேகால் ரூபாய். இதனைச் சோசலிச ஆர்வத்தின் மிகை என்று கூறிக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால், இந்த விகிதத்தைப் புரிந்துகொள்ள 1956க்குத் திரும்ப வேண்டும்.

அவ்வாண்டு இந்தியப் புள்ளியியல் கழகத்தின் அழைப்பில் வந்த கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கலஸ் கால்டர், இந்திய வரியமைப்பை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய காலம் அது. பொதுத்துறைக்கு ஒதுக்கப்பட்ட திட்டச் செலவு 4,800 கோடி ரூபாய். பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் உருக்காலைகள் எழுந்துகொண்டிருந்தன. அரசு விரிந்த வேகத்தில் வரியின் அடித்தளம் விரியவில்லை. வேளாண் வருமானத்தின்மீது வரி விதிக்கும் அதிகாரமும் அரசமைப்பின்படி மாநிலங்களிடமே இருந்தது.

கால்டரின் திட்டம் ஒன்றோடொன்று பிணைந்தது. வருமானம், மூலதன ஆதாயம், செல்வம், செலவு, கொடை ஆகிய ஐந்தின்மீதும் வரி; அவற்றுக்கு ஒரே விரிவான கணக்கு அறிக்கை. வருமானத்தை மறைப்பவர் செலவிலோ சொத்திலோ அகப்படுவார் என்பது அதன் தருக்கம். கண்காணிப்பு இவ்வாறு இறுகும்போது வருமான வரியின் உச்ச விகிதம் 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டியதில்லை என்றும் அவர் பரிந்துரைத்தார்.

நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957இல் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். 1958இல் கொடை வரி வந்தது. உச்ச விகிதம் ஓரளவு குறைந்ததே தவிர, 45ஐ நெருங்கவே இல்லை. ஒருங்கிணைந்த கண்காணிப்பும் உருவாகவில்லை. சொற்பத் தொகையே ஈட்டிய செலவு வரி 1962இல் கைவிடப்பட்டு, 1964இல் மீண்டு, 1966இல் மறைந்தது. புதிய வரிகளை ஏற்ற அரசு, அவற்றை ஏற்கத்தக்கவையாக்கிய நிபந்தனைகளை விட்டுவிட்டது.

அப்படியானால் வளர்ந்துவந்த அரசுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? வரவுக் கணக்குகள் விடை சொல்கின்றன. 1950-51இல் 70 கோடி ரூபாயைக்கூட எட்டாத மத்திய கலால் வரி, 1970-71இல் 1,750 கோடியைத் தாண்டியது. அவ்வாண்டு வருமான வரியும் நிறுவன வரியும் சேர்ந்தே ஏறத்தாழ அதில் பாதிதான். தீப்பெட்டி, சர்க்கரை, மண்ணெண்ணெய், புகையிலை, மில் துணி என ஏழை வீட்டிலும் புழங்கிய பண்டங்கள் கலாலுக்கு உட்பட்டவை. சட்டத்தில் செல்வந்தர்மீது 97.75 விழுக்காடு எழுதப்பட்டிருந்த காலத்தில், கருவூலத்தைப் பெரிதும் நிரப்பியது நுகர்வோரின் காசு.

இதன் பொருளியல் விளைவுகள் இரண்டு. ஒன்று, உயர்ந்த விகிதமே ஏய்ப்புக்குத் தூண்டுதலாயிற்று. வாஞ்சு குழு 1971இல் இதைச் சுட்டிக்காட்டிய பிறகே 1974இல் உச்ச விகிதம் 77 விழுக்காடாக இறங்கியது. மற்றொன்று, மூலப்பொருள்மீது செலுத்திய கலால், முடிந்த பண்டத்தின் விலையில் அமர்ந்து, அதன்மீதும் மறுபடி வரி ஏறியது. எல்.கே. ஜா குழு இதற்குத் தீர்வு கூறியபோதும், மூலப்பொருள் வரியைக் கழித்துக்கொள்ளும் 'மோட்வாட்' முறை வர 1986 ஆயிற்று. 1991இல் அமைந்த ராஜா செல்லையா குழு வலியுறுத்திய மிதமான விகிதம், விரிந்த அடித்தளம் என்னும் கொள்கையில், கால்டர் திட்டத்தின் விடுபட்ட பாதி ஓரளவேனும் திரும்பி வந்தது எனலாம்.

பொது நிதி வரலாற்றில் இறங்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நிதிச் சட்டங்களின் விகித அட்டவணையோடு நின்றுவிடாதீர்கள், அதே ஆண்டின் வரவுக் கணக்கையும் அருகில் வைத்துப் படியுங்கள். ஓர் அரசு யாரிடம் கேட்பதாகச் சொன்னது என்பதை முன்னது காட்டும்; யாரிடம் பெற்றது என்பதைப் பின்னதே காட்டும்.