எதிர்மறைச் சொல்லும் மொழிபெயர்ப்பும்: நடத்தையியல் வரலாற்றில் ஒரு சிக்கல்

உளவியல் மனத்தை விடுத்து நடத்தையை மட்டுமே ஆராய வேண்டுமென ஜான் வாட்சன் 1913இல் வலியுறுத்தினார். லெனார்டு புளூம்ஃபீல்டின் 'மொழி' (1933) அக்கொள்கையை மொழியியலுக்குள் கொணர்ந்தது. ஆயின் 'அன்று', 'இல்லை' போன்ற சொற்களுக்குச் சுட்டிக்காட்டத்தக்க பொருள் உலகில் யாதுமில்லை. தூண்டலும் துலங்கலும் கொண்டு அவற்றை விளக்குவது எங்ஙனம்?

டபிள்யூ. வி. குவைன் 'சொல்லும் பொருளும்' (1960) என்னும் ஆங்கில நூலில் இதற்கு விடை கண்டார். ஒரு சிறு வாக்கியத்திற்கு இசைவோர் அதனுடன் ஒரு கூறு சேர்ந்ததும் மறுப்பராயின், மறுப்போர் இசைவராயின், அக்கூறே எதிர்மறை என்றார். அகராதியற்ற மொழிக்கும் இச்சோதனை பொருந்தும். இசைவுக்குறி எது, மறுப்புக்குறி எது என முன்னரே ஊகித்தாக வேண்டும் என்பது வேறு.

இதன் விளைவே மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது. தொல்குடியினர் முரண்பாட்டைப் பொருட்படுத்தாத, அளவைக்கு முற்பட்ட மனத்தினர் என லூசியன் லெவி-புரூல் 1910இல் எழுதியிருந்தார். ஒருவரை வெளிப்படையான முரணை ஏற்பவராகக் காட்டும் பெயர்ப்பே பிழைபட்டது என்பது குவைனின் முடிபு. நம் அளவையியலைப் பிறர் பேச்சில் ஏற்றியே பெயர்க்கிறோம் என்பதும் இதனுள் அடங்கும். வேறோர் அளவையியல் இருத்தல் கூடுமா என்னும் வினா இதனால் எளிதில் அடைபட்டுவிடுகிறது எனலாம்.

லெவி-புரூலோ, தம் இறுதிக்காலக் குறிப்பேடுகளில் அச்சொல்லாட்சியைத் தாமே கைவிட்டிருந்தார். அவை அவர் மறைவுக்குப்பின் 1949இல் வெளிவந்தன.