மருத்துவச்சி கை

குற்றாலத்துல சீசன் வந்தா அருவிக்கரையில எண்ணெய் தேய்ச்சு விடுறவங்களை எல்லாருக்கும் தெரியும். பிள்ளைத்தாச்சிகளுக்குத் தேய்ச்சு விட்ட மருத்துவச்சிகளைப் பத்தி யாரு எழுதுனா?

தென்காசிப் பக்கம் அவங்க பெரும்பாலும் முடிதிருத்துற குடும்பத்துப் பெண்கள். கூலி நெல்லும் சேலையும்தான். பிரசவத்துக்கு வீட்டுக்குள்ள கூப்பிட்ட ஊரு, மத்த நாள்ல திண்ணையில உட்கார விடாது.

நல்லெண்ணெயைச் சூடு பண்ணி இடுப்பு, முதுகு, கால் மட்டும் இதமா நீவுவாங்க. விவரமானவங்க வயித்தை அமுக்க மாட்டாங்க. உள்ளங்கையை வச்சு பிள்ளை எப்படிக் கிடக்குன்னு மட்டும் பார்ப்பாங்க. திருப்பி விடுறேன்னு அமுக்குனவங்களும் உண்டு. அதுல நஞ்சு பிரிஞ்சா ரத்தம் கொட்டும், தாயும் பிள்ளையும் போயிரும்.

1970-கள்ல சர்க்கார் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி குடுத்துச்சு. 1987-ல முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம், 2008-ல 108 வண்டி. 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டுல 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியிலதான். உயிர் தப்புச்சு, நல்லதுதான். ஆனா வலிக்கிற இடுப்பை நீவி விட இப்ப ஆளில்லை.

வீட்டுப் பெண்கள் செய்யலாம், டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டு. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, மெதுவா. ஒத்தைக்கால் மட்டும் வீங்கி வலிச்சா தேய்க்கவே கூடாது, ரத்தக்கட்டா இருக்கலாம். தலைவலியோட முகம் வீங்குனா எண்ணெயைத் தேடாம வண்டியைக் கூப்பிடுங்க.